கல்லில் இருந்தது சக்தியா, பெயரா?

தியானப் பகுதி: யாத்திராகமம் 28:9-30



 

இந்த மாதச் செய்தி ஒரு மோதிரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. சம்பந்தப்பட்ட சகோதரியிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. யார் என்று நீங்களும் தேட வேண்டாம்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். அந்தச் சகோதரி மாத்திரம் கடைசி பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தார்கள். "என்னம்மா?" என்று கேட்டேன். கையை வெளியே எடுத்தார்கள். நடுவிரலில் ஒரு வெள்ளி மோதிரம், அதில் நீலக்கல்.

"பாஸ்டர் ஐயா, திட்டாதீங்க. வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாசமாச்சு. சொந்தக்காரங்கதான் ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பையன் பாலிடெக்னிக் பீஸுக்குன்னு வச்சிருந்த சீட்டுப் பணம், பதினெட்டாயிரம், அப்படியே குடுத்துட்டேன். மூணு ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுப் பாருங்க, கெட்ட கனவு வரலேன்னா போட்டுக்கோங்கன்னாங்க. எனக்குக் கனவே வரல. போட்டுக்கிட்டேன். இப்ப நாலு மாசம். ஒண்ணும் மாறல. ஆனா கழட்டவும் பயமா இருக்கு. நீலம் சும்மா விடாது, கோவிச்சுக்கும்னு சொல்றாங்க. கழட்டினா என் பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா ஐயா?"

தேவபிள்ளைகளே, அந்தக் கேள்வி என் நெஞ்சைக் குத்தியது. போட்டிருந்தாலும் பயம், கழற்றினாலும் பயம். பாதுகாப்புக்கு என்று வாங்கின பொருள் விரலில் ஒரு விலங்காக மாறிவிட்டது. இப்படி எத்தனை பேர் சட்டைக்குள்ளே, பர்ஸுக்குள்ளே, இடுப்பிலே மறைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிறீர்களோ, கர்த்தருக்குத் தெரியும். உங்களை வெட்கப்படுத்த இதை எழுதவில்லை. நீங்கள் விடுதலையாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1. விற்கிறவர்கள் சொல்லுகிறது என்ன?

நம்முடைய ஊரில் ஒன்பது கல்லுக்கு ஒன்பது கிரகம் சொல்லுவார்கள். மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, பவளம் செவ்வாய்க்கு, மரகதம் புதனுக்கு, புஷ்பராகம் வியாழனுக்கு, வைரம் சுக்கிரனுக்கு, நீலம் சனிக்கு, கோமேதகம் ராகுவுக்கு, வைடூரியம் கேதுவுக்கு. எந்தக் கல் எந்த விரலில், எந்தக் கிழமையில், எத்தனை கேரட் என்றெல்லாம் கணக்கு உண்டு. கல்லின் அடிப்பக்கம் தோலில் படவேண்டும், அப்போதுதான் சக்தி உடம்பில் ஏறும் என்பார்கள்.

இப்போது வெளிநாட்டிலிருந்து இன்னொரு போதனையும் வந்து சேர்ந்திருக்கிறது. அதன் பெயர் கிரிஸ்டல் ஹீலிங். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1970களிலிருந்து பரவினது. ஸ்படிகத்தைக் கையில் பிடித்துத் தியானம் பண்ணு, ஊதாக்கல்லை நெற்றியில் வை, ரோஜா நிறக் கல்லை மார்பில் வை, நிலா வெளிச்சத்தில் வைத்தால் கல் சார்ஜ் ஆகும் என்று போதிக்கிறார்கள். படித்த பிள்ளைகள்கூட செல்போனில் பார்த்து இதை வாங்குகிறார்கள். கேட்டால், "இது மதம் இல்லை ஐயா, சயின்ஸ். கல்லுக்குள்ள அதிர்வு இருக்கு" என்கிறார்கள்.

அதிர்வு இருக்கிறதா? இருக்கிறது. பொய் சொல்லக்கூடாது. 1880ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் கியூரி சகோதரர்கள், ஜாக், பியர் என்கிற இருவர், சில படிகங்களை அழுத்தினால் கொஞ்சம் மின்சாரம் உண்டாகிறது என்று கண்டுபிடித்தார்கள். உங்கள் கையில் கட்டியிருக்கிற குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு ஸ்படிகம் இருக்கிறது. அது ஒரு விநாடிக்கு 32,768 தரம் அதிர்கிறது. அதை எண்ணித்தான் கடிகாரம் நேரம் காட்டுகிறது. ஆனால் பேட்டரி தீர்ந்துபோனால் என்ன ஆகிறது? முள் நின்றுபோகிறது. ஸ்படிகம் உள்ளேயேதான் இருக்கிறது, எங்கும் போய்விடவில்லை. வெளியேயிருந்து மின்சாரம் கொடுக்கிறவரைக்கும் அதிரும், கொடுக்காவிட்டால் சும்மா கிடக்கும். தன் முள்ளைத் தானே நகர்த்த முடியாத கல் உன் தலையெழுத்தை நகர்த்துமா, யோசித்துப் பார்.

இன்னொன்று கேளுங்கள். லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் என்கிற மனோதத்துவப் பேராசிரியர் 80 பேரை வைத்து ஒரு சோதனை பண்ணினார். 2001ல் அதன் முடிவைச் சொன்னார். ஐந்து நிமிடம் கையில் ஒரு கல்லைப் பிடித்துத் தியானம் பண்ணச் சொன்னார். சிலருக்கு உண்மையான ஸ்படிகம், சிலருக்குப் போலி. எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. பலர் "உடம்பு சூடாகுது, கை குறுகுறுங்குது, மனசு லேசாகுது" என்றார்கள். உண்மையான கல்லைப் பிடித்தவர்களும் அப்படிச் சொன்னார்கள், போலியைப் பிடித்தவர்களும் அப்படியே சொன்னார்கள். இப்படி இப்படித் தோன்றும் என்று முன்கூட்டியே யாருக்குச் சொல்லிவைத்தார்களோ, அவர்களுக்கு அதிகமாகத் தோன்றியது. அந்த உணர்வு கல்லிலிருந்து வரவில்லை, காதில் போட்ட வார்த்தையிலிருந்து வந்தது.

2. கல்லைப் பற்றிக் கல்லே சொல்லுகிறது என்ன?

நீலக்கல் சனிக்கு, மாணிக்கம் சூரியனுக்கு. சூரியனும் சனியும் பகை, ஆகவே இரண்டையும் சேர்த்துப் போடாதே என்பார்கள். ஆனால் பூமியைத் தோண்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே கல்தான்! இரண்டும் குருந்தக்கல். 'கொரண்டம்' என்று ஆங்கிலத்தில் சொல்லுகிற பெயரே நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து உறைந்த பொருள் அது. அதில் கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு, மாணிக்கம் என்கிறோம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம் என்கிறோம். ஒரு தாய் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்குச் சாயத்தைப் பார்த்துப் பகை மூட்டினது மனுஷன்.

மேல்நாட்டில் பிறந்த மாதத்துக்கு ஒரு கல் சொல்லுகிறார்கள் அல்லவா? அந்தப் பட்டியலை இன்றிருக்கிற வடிவத்தில் 1912ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தினது யார்? அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம். 2002ல் டிசம்பர் மாதத்துக்கு டான்சனைட் என்கிற கல்லையும் சேர்த்தார்கள். அந்தக் கல் தான்சானியா தேசத்தில் 1967ல்தான் கண்டெடுக்கப்பட்டது. அப்படியானால் அதற்கு முன்னே டிசம்பரில் பிறந்த கோடிக்கணக்கான ஜனங்கள் எந்தச் சக்தியால் பிழைத்தார்கள்?

மாணிக்கத்தை நெருப்பில் உருக்கிச் செய்கிற வித்தையை 1902ல் வெர்னுயி என்கிற பிரெஞ்சுக்காரர் உலகத்துக்குச் சொல்லிவிட்டார். அதற்கும் பூமியில் விளைகிற மாணிக்கத்துக்கும் பொருளில் வித்தியாசம் கிடையாது. நம்முடைய திருச்சிராப்பள்ளிச் சீமையில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுகிற தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விசுவாசி வீட்டில் ஜெபிக்கப் போயிருந்தேன். பாதி வாழ்நாள் கல் தீட்டினவர். விரலெல்லாம் காய்ப்பு. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, சிவப்பு, பச்சை, நீலம் எல்லாக் கல்லும் என் கையிலதான் புரண்டுச்சு. தோல்ல பட்டா அதிர்ஷ்டம்னா, நான்தானய்யா ஊருக்கே பெரிய பணக்காரனா இருக்கணும்? என் கூரை இன்னும் ஒழுகுது பாருங்க."

குஜராத்திலே கம்பாத் என்று ஒரு ஊர் உண்டு. அகேட் என்கிற கல்லை மணியாகவும் மாலையாகவும் தீட்டுகிறதில் பேர்போன ஊர். அங்கே சாணை பிடிக்கிற ஏழை ஜனங்களின் நுரையீரலில் அந்தக் கல்தூள் படிந்து, சிலிக்கோசிஸ் என்கிற வியாதி வந்து, மூச்சுவிட முடியாமல் எத்தனையோ பேர் மரித்திருக்கிறார்கள். சுகம் தரும் கல் என்று ஒருவர் கழுத்தில் தொங்குகிறது, அதைத் தீட்டினவருடைய சுவாசம் நின்றுபோகிறது. இதைப் படிக்கிறபோது சிரிக்காதே, தேவபிள்ளையே. அவர்களுக்காக ஒரு நிமிடம் ஜெபி.

3. வேதத்தில் கல் இல்லையா?

இருக்கிறது. சில சகோதரர்கள் இதை வைத்துத்தான் தர்க்கம் பண்ணுகிறார்கள். "பிரதான ஆசாரியன் மார்பில் பன்னிரண்டு ரத்தினம் இருந்ததே ஐயா, கர்த்தர்தானே கட்டச் சொன்னார்? அப்ப கல்லுல சக்தி இருக்குன்னுதானே அர்த்தம்?" நல்ல கேள்வி. வேதத்தைத் திறந்து நிதானமாய் வாசிப்போம்.

யாத்திராகமம் 28ல் பத்மராகம், புஷ்பராகம், மரகதம், வைடூரியம், கோமேதகம், யஸ்பி என்று பன்னிரண்டு கற்கள் நாலு வரிசையாகப் பதிக்கப்படுகின்றன. ஆனால் கவனியுங்கள். இந்தக் கல் இந்த வியாதிக்கு, அந்தக் கல் அந்தக் கஷ்டத்துக்கு என்று ஒரு வார்த்தையாவது அங்கே உண்டா? இல்லை. கற்களின்மேல் செய்யச் சொன்ன வேலை ஒன்றே ஒன்று. முத்திரை வெட்டுகிறதுபோலப் பெயர்களை வெட்டு என்பதுதான் அது. ரூபன், சிமியோன், லேவி, யூதா என்று இஸ்ரவேலின் பன்னிரண்டு குமாரரின் பெயர்கள். தோளின்மேல் இரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பெயர் (28:9-12). மார்பின்மேல் பன்னிரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் (28:21). எதற்காக? ஆரோன் கர்த்தருடைய சமுகத்தில் போகிறபோதெல்லாம் அந்த ஜனத்தின் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்துகொண்டு போகவேண்டும் என்பதற்காக (28:29).

அல்லேலூயா! கல்லில் இருந்தது சக்தி அல்ல, பெயர். ஆரோனைக் காப்பாற்ற அந்தக் கல் கொடுக்கப்படவில்லை. ஆரோன் ஜனங்களை மறந்துவிடாதபடி கொடுக்கப்பட்டது.

சந்தேகமா? ஆரோனின் வீட்டைப் பாருங்கள். லேவியராகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே அவனுக்கு மார்ப்பதக்கத்தைத் தரிப்பிக்கிறான். இரண்டு அதிகாரம் தாண்டினால், அவன் குமாரர் நாதாபும் அபியூவும் ஒரே நாளில் மாண்டுபோகிறார்கள். தகப்பன் வாய்திறவாமல் நிற்கிறான் (லேவி. 10:1-3). பன்னிரண்டு ரத்தினங்களையும் பெற்றிருந்த வீட்டில் இரண்டு பிணம்! கல் தடுத்ததா? பின்பு ஓர் என்னும் மலையில் அவனுடைய வஸ்திரங்களைக் கழற்றி எலெயாசாருக்கு உடுத்துகிறார்கள். ஆரோன் அங்கே மரிக்கிறான் (எண். 20:28). எவ்வளவு உயர்ந்த கல்லானாலும் ஒருநாள் கழற்றத்தான் வேண்டும்.

"அப்படியானால் ஊரீம் தும்மீம்?" என்று கேட்பீர்கள். அதுவும் மார்ப்பதக்கத்திலே வைக்கப்பட்டதுதான், தேவசித்தத்தை விசாரிக்கிறதற்கு. சவுல் ராஜா கீழ்ப்படியாமல் போன பிற்பாடு, ஊரீமினாலும் அவனுக்கு உத்தரவு கிடைக்கவில்லை (1 சாமு. 28:6). பொருள் இருந்தது, பதில் இல்லை. பதில் சொல்லுகிறவர் கர்த்தர். அடுத்த வசனத்தில் சவுல் எங்கே போகிறான்? குறிசொல்லுகிறவளைத் தேடி எந்தோருக்குப் போகிறான். பயந்தவன் நடக்கிற பாதை அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

4. என் ஸ்கூட்டரும் என் பயமும்

இங்கே நான் என்னைப் பற்றி ஒரு காரியம் சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் இந்தச் செய்தி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

என் ஸ்கூட்டரில் முன்பக்கம் ஒரு வாக்குத்தத்த ஸ்டிக்கர் பல வருஷமாக ஒட்டியிருந்தது. ஒரு நாள் வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பினேன். பார்த்தால் ஸ்டிக்கர் கிழிந்து பாதி தொங்குகிறது. திக்கென்றது. "இன்னிக்குப் போகவேணாமோ? ஏதாவது நடக்கப்போகுதோ?" கால் மணி நேரம் வண்டியை எடுக்காமல் நின்றேன். அப்போது ஆவியானவர் உள்ளத்தில் உணர்த்தினார்: மகனே, ராசிக்கல்லை விடு என்று மேடையில் பிரசங்கிக்கிறாய், காகிதத்தில் ஒரு கல்லை நீ ஒட்டிவைத்திருக்கிறாயே!

எத்தனை வீடுகளில் ஜெப எண்ணெய் பாட்டில் இப்படி இருக்கிறது! வேதப்புத்தகம் வாசிக்கப்படாமல் தலையணைக்கடியில் கிடக்கிறது, கெட்ட சொப்பனம் வராதபடிக்கு. நீலக்கல்லைத் தலையணைக்கடியில் வைக்கிறவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? மோசே உண்டாக்கின வெண்கல சர்ப்பம் கர்த்தர் சொல்லிச் செய்தது, அநேகர் அதை நோக்கிப் பிழைத்தார்கள். ஆனாலும் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்ட ஆரம்பித்தபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜா. 18:4). தேவன் உபயோகித்த பொருளையே நாம் தேவனுடைய இடத்தில் வைத்துவிடக்கூடும். ஆகையால் அடுத்த வீட்டுக்காரரின் மோதிரத்தைப் பரியாசம் பண்ணுகிறதற்கு முன்னே உன் அலமாரியைத் திறந்து பார்.

5. மோதிரம் என்ன ஆயிற்று?

அந்த வெள்ளிக்கிழமை நான் சகோதரியின் விரலிலிருந்து மோதிரத்தைப் பிடுங்கவில்லை. யாக்கோபின் வீட்டார் தங்கள் அந்நிய தெய்வங்களையும் காதணிகளையும் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள், அவன் அவற்றைச் சீகேமிலே கர்வாலி மரத்தின்கீழ் புதைத்தான் (ஆதி. 35:4). தானாகக் கொடுக்கவேண்டும். நான் பிடுங்கினால் மோதிரம் போகும், பயம் போகாது. "அம்மா, உங்கள் பெயரும் உங்கள் மகன் பெயரும் பிரதான ஆசாரியராகிய இயேசுவின் இருதயத்தின்மேல் இருக்கிறது" என்று மாத்திரம் சொல்லி, யாத்திராகமம் 28ஐ வாசித்து ஜெபித்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்களே கழற்றி பீரோவில் வைத்தார்கள். அன்றைக்கு இராத்திரியே மகனுக்குக் காய்ச்சல்! 102 டிகிரி. இரண்டு மணிக்கு எனக்குப் போன். அழுகையில் வார்த்தையே வரவில்லை. "ஐயா, நான் கழட்டினதாலதான். திரும்பப் போட்டுக்கட்டுமா? சொல்லுங்க ஐயா, போட்டுக்கட்டுமா?"

தேவபிள்ளைகளே, பிரசங்கம் பண்ணுகிறது சுலபம். அந்த நேரத்தில் பதில் சொல்லுகிறது சுலபம் அல்ல. எனக்கும் கை நடுங்கியது. "அம்மா, ஊரெல்லாம் காய்ச்சல். மோதிரம் போட்டவங்க பிள்ளைக்கும் வருது. ஜெபம் பண்ணுவோம். பண்ணிட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நானும் வர்றேன்" என்றேன். போனிலேயே ஜெபித்தோம்.

உடனே காய்ச்சல் விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் விடவில்லை. மூன்று நாள் இருந்தது. மருந்து கொடுத்தார்கள், நாம் ஜெபித்தோம், நாலாம் நாள் பிள்ளை எழுந்து கஞ்சி குடித்தான். கர்த்தருக்கே ஸ்தோத்திரம். அந்த மூன்று நாளும் மோதிரம் பீரோவிலேயே இருந்தது. தாயின் விசுவாசம் காய்ச்சலோடு காய்ச்சலாகப் போராடி நின்றது. என் கண்ணுக்கு அதுதான் பெரிய அற்புதம்.

பிற்பாடு அதை விற்கப் போனார்கள். வாங்கின கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு இடத்தில் கல்லைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வெள்ளியை மாத்திரம் எடைபோட்டார்கள். "இந்தக் கல்லுக்கு விலை இல்லைம்மா" என்றார்களாம். வேலையில்லாத நேரத்தில் ஒரு குடும்பம் இழந்த பணம் அது. இன்னும் முழுவதும் திரும்பவில்லை.

6. கடைக்காரர் கேட்டார், நாம் கேட்டோமா?

இதுவரைக்கும் "ஆமென்" சொன்ன நீங்கள் இதற்கும் சொல்லுங்கள் பார்ப்போம்.

"ஏம்மா அங்கே போனீங்க? சபையில சொல்லியிருக்கலாமே" என்று நான் கேட்டேன். அந்தச் சகோதரி தலைகுனிந்து சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "ஐயா, அந்தக் கடையில உட்காரவச்சு என் பேரைக் கேட்டாங்க. வீட்டுக்காரர் பேரு, பையன் பேரு, எப்பப் பொறந்தான், என்ன கஷ்டம், எல்லாம் கேட்டாங்க. அரை மணி நேரம் பொறுமையா கேட்டாங்க. இங்க எட்டு மாசமா யாரும் கேக்கலையே ஐயா."

என் சபையாரே! ஒவ்வொரு ஞாயிறும் நாம் கைகுலுக்கி "ஸ்தோத்திரம் சகோதரி, நல்லா இருக்கீங்களா?" என்கிறோம். பதில் வருவதற்கு முன்னே அடுத்தவரிடம் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான். ஆரோனின் மார்பில் பன்னிரண்டு பெயர் இருந்தது. ஆசாரியக் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளுகிற நம் மார்பில் எத்தனை பெயர் இருக்கிறது? கல் விற்கிறவர் பெயரைக் கேட்டு விலை வாங்குகிறார். நம்முடைய நல்ல மேய்ப்பரோ ஆடுகளைப் பெயர்சொல்லி அழைத்து, அவைகளுக்காகத் தம் ஜீவனையே விலையாகக் கொடுத்தார் (யோவான் 10:3, 11). அவருடைய சபையில் பெயர் கேட்க ஆள் இல்லாவிட்டால், ஜனங்கள் கல்லிடம் போகிறதில் என்ன ஆச்சரியம்?

அந்தப் பையனின் பீஸுக்குச் சில குடும்பங்கள் யாருக்கும் தெரியாமல் கொடுத்தார்கள். கர்த்தர் அவர்களை அறிவார்.

7. இப்போது என்ன செய்யவேண்டும்?

முதலாவது, நகை அணியலாமா கூடாதா என்பது இன்றைய செய்தி அல்ல. கல் தேவனுடைய சிருஷ்டிப்பு, அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதன்மேல் வைத்த பயமும் நம்பிக்கையுமே காரியம். "இதைக் கழற்றினால் எனக்கு என்ன ஆகும்?" என்று எந்தப் பொருளைப் பார்த்து உன் மனம் கேட்கிறதோ, அதுதான் உன் ராசிக்கல்.

இரண்டாவது, கழற்றினதை இன்னொருவர் விரலில் ராசிக்கல் என்று சொல்லி மாட்டிவிடாதே. எபேசுவில் மாயவித்தைக்காரராயிருந்தவர்கள் தங்கள் புஸ்தகங்களைச் சுட்டெரித்தார்கள். அதின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு (அப். 19:19). விற்றால் பணம் வரும், ஆனால் பயம் இன்னொரு வீட்டுக்குப் போகும் என்று அறிந்திருந்தார்கள். வெள்ளியையும் பொன்னையும் உலோகமாக விற்றுக்கொள். பயத்தை விற்காதே.

மூன்றாவது, கழற்றின பிற்பாடு ஏதாவது நடந்தால் கலங்காதே. கழற்றாதவர்கள் வீட்டிலும் காய்ச்சல் வரும், வேலை போகும். ஜெபம் பண்ணு, வைத்தியரிடமும் போ. இரண்டும் கர்த்தர் கொடுத்த வழிதான்.

நான்காவது, இந்த வாரம் சபையில் மூன்று பேரிடம் உட்கார்ந்து பேசு. பெயரைக் கேள், பிள்ளைகளின் பெயரைக் கேள், கஷ்டத்தைக் கேள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வேதத்துக்குள் வைத்துத் தினமும் ஜெபி. அதுவே உன் மார்ப்பதக்கம்.

கடைசியாக ஒரு வார்த்தை. வெளிப்படுத்தின விசேஷத்திலும் ஒரு கல் உண்டு. ஜெயங்கொள்ளுகிறவனுக்குக் கர்த்தர் கொடுக்கிற வெண்மையான குறிக்கல். அதில் என்ன இருக்கிறது? ஒரு புதிய பெயர் (வெளி. 2:17). பரம எருசலேமின் அஸ்திபாரக் கற்களில் என்ன இருக்கிறது? ஆட்டுக்குட்டியானவரின் அப்போஸ்தலர்களுடைய பெயர்கள் (வெளி. 21:14). ஆரம்பத்திலும் பெயர், முடிவிலும் பெயர்! இந்தக் கற்களிலெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது பெயர்தான். தேவபிள்ளையே, நீ கல்லைச் சுமந்து திரிய வேண்டாம். உன் பெயரைச் சுமக்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

ஜெபிப்போம்: எங்கள் பரமபிதாவே, எங்கள் பயங்களை உமது பாதத்தில் வைக்கிறோம். விரலில் இருக்கிறதையும், பர்ஸில் இருக்கிறதையும், மனதில் மறைத்திருக்கிறதையும் நீர் அறிவீர். கழற்றப் பயப்படுகிற உம்முடைய பிள்ளைக்கு இந்த இராத்திரியில் தைரியம் தாரும். கழற்றினவர்களைக் கைவிடாதேயும். கல்தூளைச் சுவாசித்துப் பிழைக்கிற ஏழை ஜனங்களுக்கு இரங்கும். ஒருவர் பெயரை ஒருவர் சுமக்கிற சபையாக எங்களை மாற்றும். எங்கள் பிரதான ஆசாரியராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

பின்குறிப்பு: யாராவது தனியே பேசி ஜெபிக்க விரும்பினால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் வாருங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. போட்டுக்கொண்டே வாருங்கள்.